திருவொற்றியூரில் பிறந்த சத்தம்

வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வயதைச் சொல்லிவிடுவேன். ஐம்பது வருஷத்தில் காது அப்படிப் பழகிவிட்டது.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. காணும் பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை ஆறரை மணிக்குக் கன்னியக்கோவில் முக்கில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பனி கலையவில்லை. புதுச்சேரி பக்கமிருந்து கும்பலாகச் சத்தம் வந்தது. "முன்னால வர்றது காஸ்ட் அயர்ன் எஞ்சின். பின்னால வர்றதுல பாதிக்கு மேல 2008-க்கு அப்புறம் வந்தது" என்று பக்கத்தில் நின்ற பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பனியைக் கிழித்துக்கொண்டு மிலிட்டரிப் பச்சை நிறத்தில் ஒரு பழைய புல்லட் வந்தது. அதன் பின்னால் பளபளவென்று புது வண்டிகள் வரிசையாக வந்தன.

அந்தப் பையன் கிருமாம்பாக்கத்துக்காரன். அவன்தான் என்னை அழைத்தது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து, புதுச்சேரியில் இரவு தங்கி, மறுநாள் பகல் முழுக்க எங்கள் மணப்பட்டுக் கடற்கரையில் கூடியிருப்பது என்று மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சிலர் முடிவு செய்திருந்தார்கள். நாற்பது வண்டிகளுக்கு மேல் இருக்கும். "மாமா, வழியில எதுனா நின்னுட்டா யாரு பாக்கறது? பொட்டியோட வந்துடுங்க" என்றான். பொட்டி என்றால் என் ஸ்பேனர் பெட்டி. 1974-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தபோது எனக்கு வயது பதினான்கு. அந்தப் பட்டறை மேஸ்திரி பிற்காலத்தில் தன் கையால் எனக்குக் கொடுத்த பெட்டி இது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து வைத்து மூடியின் பெயிண்டே மஞ்சளாகிவிட்டது.

அழைத்தது வீண்போகவில்லை. முக்கில் திரும்பும்போதே அந்தப் பச்சை புல்லட் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் இருபத்தைந்து வயதுப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாலைந்து தடவை கிக்கரை உதைத்தார். ஆறாவது தடவை கிக்கர் திருப்பி உதைத்தது. காலைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து போனேன்.

"உதைக்காதீங்கம்மா. முள்ளப் பாருங்க."

ஹெட்லைட் கூட்டின் மேலே சின்ன வட்டமாக ஆம்ப்மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டுவிட்டு, கிக்கரை உதைக்காமல் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனால் முள் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட் பிரிந்திருக்கிறது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரசர் பிடியை இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. குழந்தைகூட ஸ்டார்ட் செய்யலாம். அவர் வண்டியில் முள் அசையவே இல்லை. பாயிண்ட் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய் கசிந்து இரண்டு முனைகளும் கருத்துப்போயிருந்தன. பெட்டியில் எப்போதும் ஒரு பழைய தபால் அட்டை வைத்திருப்பேன். அதை முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்துத் துடைத்தேன். இடைவெளியை 15 தௌ வைத்தேன். தௌ என்பது பட்டறைப் பேச்சு, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முள் சாய்ந்தது, நடுவுக்கு வந்தது. அவரையே உதைக்கச் சொன்னேன். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

"தாத்தா வண்டி அங்கிள். லண்டன் வண்டி" என்றார் பெருமையாக.

அந்தச் சொல் அன்று முழுக்க என்னை விடவில்லை. இப்படிச் சொன்னவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. கடற்கரையில் நான் பேசிய பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பழைய புல்லட் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் கூட்டில் பொறித்திருக்கும் நம்பரைக் காட்டி, இது நம்ம திருவொற்றியூர் வண்டி என்று நான் சொன்னபோது சிலருக்கு முகம் வாடிப்போனது. எனக்கு அது ஆறவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கன்னியக்கோவிலிலிருந்து கிழக்கே திரும்பினால் வயல், தென்னந்தோப்பு, சவுக்கு, அதற்கப்புறம் கடல். அவ்வளவுதான் மணப்பட்டு. எங்கள் பக்கத்துச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பாகூரோடு நிறுத்திக்கொள்வார்கள். பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த பல்லவன் நிருபதுங்கனின் செப்பேடு இருக்கிறது. 1752-ல் பாகூரில் பிரெஞ்சுப் படையும் இங்கிலீஷ் படையும் மோதின. மூலநாதர் கோயில் கல்வெட்டுகள், பெரிய ஏரி என்று சொல்வதற்கு நிறைய உண்டு. கடலோரத்துக்கு யாரும் வருவதில்லை. ஆனால் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற கடலூர் சாலைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ம் தேதி வரை இது பிரெஞ்சு எல்லை. முள்ளோடையைத் தாண்டினால் இந்தியா. சாமான் எடுத்துப் போனால் சுங்கக்காரர் அவிழ்த்துப் பார்ப்பார்கள். என் தாத்தா நெல் மூட்டையோடு மாட்டுவண்டியில் போய் அரைநாள் நின்ற கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லை அழிந்த அதே சமயத்தில், சென்னைக்கு வடக்கே இன்னொரு கடற்கரை ஊரில் ஒரு தொழிற்சாலைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு இந்தச் சாலையில் நான் கேட்கப்போகும் சத்தமெல்லாம் அங்கேதான் பிறந்தது.

சுதந்திரம் வந்த சமயத்தில் கே.ஆர்.சுந்தரம் ஐயர் என்பவர் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற பெயரில் இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றுவந்தார். நார்ட்டன், மேட்ச்லெஸ், ராயல் என்ஃபீல்டு மூன்றும் அவரிடம் கிடைத்தன. எல்லையில் ரோந்து போவதற்கு ராணுவத்துக்கு நம்பகமான வண்டி தேவைப்பட்டது. 1952-ல் ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. புல்லட்டுக்கு ஆர்டர் வந்தது. மலையிலும் மணலிலும் அது தாக்குப்பிடித்தது. திரும்பத் திரும்ப அங்கிருந்தே கப்பலில் வரவழைப்பதைவிட இங்கேயே செய்யலாம் என்று 1955-ல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956-ல் திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறந்தது. முதலில் அங்கிருந்து உதிரியாக வந்ததை இங்கே பூட்டினார்கள். அந்த வருஷக் கடைசி வரை பூட்டியது 163 வண்டி. பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. 1960-களின் தொடக்கத்தில் வண்டியின் எல்லா பாகமும் உள்ளூரிலேயே ஆகத் தொடங்கியது.

அந்த ஊரிலேயே இன்னொரு விசேஷமும் உண்டு. 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். ஆனது. அங்கேயே டயரும் போட்டார்கள். எஞ்சினும் சக்கரத்து ரப்பரும் ஒரே கடற்கரை ஊரில் பிறந்தவை. பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊர், தியாகராசர் ஆடுகிற ஊர் என்று மட்டும் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிற விஷயம். ரெட்டிச்சில் இருந்த தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் வண்டி செய்வதே நின்றுபோனது. தாய்வீடு இடிந்துபோன பிறகும் கட்டிக்கொடுத்த பெண் இங்கே குடும்பம் நடத்தினாள். 1977-ல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. நான் மஞ்சக்குப்பத்தில் மூன்றாவது வருஷப் பையன் அப்போது. செய்தியை மேஸ்திரி பேப்பரில் படித்துவிட்டு, அன்றைக்கு எல்லாருக்கும் டீயோடு வடையும் வாங்கிக்கொடுத்தார்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையில் வேலை கற்றவர். மிலிட்டரியில் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட வண்டிகளைப் பிரித்துப் பூட்டித்தான் கற்றாராம். முதல் ஆறு மாசம் எனக்கு மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுகிற வேலை மட்டும்தான். கழுவியதை ஒரு கோணிமேல் பிரித்த வரிசையிலேயே வைக்க வேண்டும். வரிசை மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. எஞ்சின் 346 சி.சி., சிலிண்டர் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 90 மில்லிமீட்டர். இதைப் பாடம் மாதிரி சொல்லவைப்பார். குறுக்களவைவிட ஓட்டம் நீளம் என்பதால்தான் அந்த நிதானமான டப்-டப். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும். புதுசாக வரும் பையன்கள் சைலன்சரில்தான் சத்தம் இருக்கிறது என்று நினைத்து அதை வெட்டிக் கெடுக்கிறார்கள். சத்தம் இருப்பது அந்த 90 மில்லிமீட்டரில்.

டேப்பெட் வைப்பதற்கு அவர் எந்த அளவுகோலையும் தொடமாட்டார். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். வலப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் தள்ளுகிற இரண்டு புஷ்ராடும் தெரியும். "ரெண்டு விரலால சுத்திப் பாரு. தாராளமாச் சுத்தணும். மேலயும் கீழயும் ஒரு துளி ஆடக்கூடாது" என்பார். என் விரல்களை அவரே பிடித்து ராடின்மேல் வைத்தார். சுற்ற வேண்டும், ஆடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை என் விரல் கண்டுபிடிக்க நாலு மாசம் ஆயிற்று.

எந்தப் புத்தகமும் எங்களிடம் இருந்ததில்லை. கம்பெனி கொடுத்த கையேடு இங்கிலீஷில் இருந்தது, அதுவும் முதலாளிமார் வீட்டு அலமாரியில். விழுப்புரத்தில் ஒரு மேஸ்திரி, சிதம்பரத்தில் ஒருவர், புதுச்சேரியில் மூன்று நான்கு பேர், எங்கள் ஆள் கடலூரில். இவர்களில் யாராவது ஒருவர் ஒரு வழி கண்டுபிடித்தால் பஸ் கண்டக்டர் மூலமாக மற்றவருக்குச் சேதி போகும். பிஸ்டன் ரிங்கும் கிளட்ச் பிளேட்டும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து வரும். செகண்ட் ஹேண்ட் பாகம் என்றால் புதுப்பேட்டை. அங்கேயும் கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொள்வோம். புல்லட் ஐம்பது வருஷம் அடிப்படை மாறாமல் வந்ததால்தான் இது முடிந்தது. 1962 வண்டியின் உறுப்பு 1992 வண்டியில் உட்காரும். அந்தக் காலத்தில் இதை ஒரு குறையாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மனிதன் முழு எஞ்சினையும் பிரித்துப் பூட்ட முடிந்தது என்றால் அதனால்தான். தொழிற்சாலை பெற்றது, எங்களைப் போன்ற சாலையோரத்து ஆட்கள் வளர்த்தோம்.

1978 பிப்ரவரியில் மேஸ்திரி என்னைச் சோழவரம் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். கடலூரில் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, திண்டிவனம் வழியாக, அவர் முன்னால் நான் பின்னால். சோழவரம் யுத்தகாலத்தில் போட்ட விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் காரும் மோட்டார் சைக்கிளும் ஓடவிட்டது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வரும் வரைக்கும் தென்னாட்டில் வேகத்துக்குப் பேர்போன இடம் அதுதான். திருப்பங்களில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வெயிலில் தார் இளகிக்கிடந்தது. எஞ்சினில் விளக்கெண்ணெய் கலந்த ஆயில் எரிகிற வாசனை ஒன்று வந்தது. அதை அதற்குப் பிறகு எங்கேயும் நான் முகர்ந்ததில்லை. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கட்டுச்சோறோடு வந்திருந்தார்கள். திருவிழாவேதான்.

பந்தயம் முடிந்ததும் நேரே ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலையில் மேஸ்திரி வண்டியைத் திருவொற்றியூருக்கு விட்டார். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே சாலையோரமாக நிறுத்தினார். ஷிப்ட் மாறுகிற நேரம். சைக்கிளில் சாரைசாரையாக ஆட்கள் வெளியே வந்தார்கள். கையில் டிபன் தூக்கு, நகக்கண்ணில் கிரீஸ். எங்கள் கை மாதிரியே இருந்தது. உப்புக்காற்று வீசியது. உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார். கோயில் வாசலில் நிற்பதுபோல. அவர் கண்ணை மூடினாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு, "போலாம்டா" என்றார்.

1986-ல் கடலூர் சாலையோரம் எனக்கென்று தனியாகப் பட்டறை போட்டேன். நேரம் சரியில்லாத நேரம். 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்துவிட்டது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி.100, அதே வருஷக் கடைசியில் ஆர்.எக்ஸ்.100. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் வந்தபோது, அதில் பாதிகூடக் கொடுக்காத புல்லட்டை யார் வாங்குவார்கள்? கரும்பு வெட்டுக் கணக்குப் பார்க்கிறவர்கள், போலீஸ்காரர்கள், பால் சொசைட்டிக்காரர் ஒருவர், இவர்களோடு என் வாடிக்கை நின்றது. மீனவர் வீடுகளில் டி.வி.எஸ். 50 நுழைந்தது. கூடையைக் கட்டிக்கொண்டு கடலூர் துறைமுகத்துக்கு விடியலில் போய்வர அதைவிட லாயக்கான வண்டி இல்லை. என் சோறு பல வருஷம் டி.வி.எஸ். 50 போட்டது. நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மாதத்துக்கு ஒரு புல்லட்டாவது பட்டறைக்கு வராவிட்டால் கை என்னவோபோல இருக்கும்.

1993-ல் டாரஸ் என்ற டீசல் புல்லட் வந்தது. ஓடும்போது கண்ணாடி, நம்பர் பிளேட், பல் எல்லாம் நடுங்கும். விவசாயிகள் சிலர் விரும்பி வாங்கினார்கள். 1994-ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. 2000 வாக்கில் மூடிவிடலாம் என்ற பேச்சே அங்கே நடந்தது. அப்புறம் பிழைத்து, எஞ்சினை மாற்றி, 2009-ல் கிளாசிக் என்று பழைய முகத்தோடு புது வண்டி விட்டு, 2013-ல் ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை திறந்து, இன்றைக்கு உலகம் பூராவும் போகிறது. வலதுகால் கியர் இடதுகாலுக்குப் போனது. ஆம்ப்மீட்டர் முள் போனது. டீகம்ப்ரசர் போனது. டேங்கில் தங்கக் கோடு மட்டும் சில மாடல்களில் இன்னும் கையால் இழுக்கிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், நெஞ்சில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மனிதன் இழுத்தது.

அன்றைக்கு மணப்பட்டுக் கரையில் இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே சவுக்கு நிழலில் நின்றன. வண்டிகளை மரத்தடியில் நிறுத்திவிட்டு ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் மைசூர் ஜாவா. கியர் போடுகிற கம்பியே கிக்கராகவும் மடங்கி நிமிரும், அதை இளைஞர்கள் மாறிமாறிச் செய்துபார்த்தார்கள். அதற்குப் பக்கத்தில் 1973-க்குப் பிறகு யெஸ்டி என்று பேர் மாறி வந்த அதே குடும்பத்து வண்டி. நான்கு ஆர்.எக்ஸ்.100. பால் கேன் மாட்டிய தழும்பு பின்கம்பியில் அப்படியே இருந்த ஒரு ராஜ்தூத். பிடாரி கோயில் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். மீனவப் பெண்கள் இரண்டு பேர் சங்கராவும் நெத்திலியும் வறுத்து விற்றார்கள். பத்து மணிக்குள் தீர்ந்துபோய் மறுபடியும் எடுத்துவந்தார்கள்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் யெஸ்டியில் வந்திருந்தார். அமெரிக்காவில் டேட்டோனா என்ற கடற்கரை ஊரில் 1937-ல் மணல்மேலேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டதைச் சொன்னார். பாதித் தடம் ஈர மணல், பாதி தார்ச்சாலை. கடல் ஏறுவதற்குள் பந்தயத்தை முடித்தாக வேண்டும். 1961-ல்தான் அதை மணலைவிட்டுத் தனிப் பந்தயத்தடத்துக்குக் கொண்டுபோனார்களாம். நான் வாயைப் பிளந்து கேட்டேன். அலை வருகிற நேரம் பார்த்துப் பந்தயம் விடுவது எங்கள் கட்டுமரக்காரர்களுக்குப் புரிகிற கணக்கு.

அதைக் கேட்டதும் இரண்டு பிள்ளைகள் எழுந்து வண்டியை மணலில் இறக்கப் போனார்கள். நான் போய்க் குறுக்கே நின்றேன். சத்தம் போட்டுத்தான் நின்றேன். தையிலிருந்து பங்குனி வரை எங்கள் கரையில் ஆமை ஏறும். சிற்றாமை, பங்குனி ஆமை என்றும் சொல்லுவார்கள். இரவில் வந்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். மேலே பார்த்தால் மணல்தான் தெரியும். நூற்றெழுபது கிலோ வண்டி ஒருதரம் ஏறி இறங்கினால் போதும். வலை காயப்போட்டிருந்த பெரியவர் ஒருவரும் வந்து என்னோடு நின்றார். பிள்ளைகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கோபித்துக்கொள்ளவில்லை. அரைமணி கழித்து அவர்களே அந்தப் பெரியவரிடம் போய் ஆமைக் குழி எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த சவுக்கு எல்லாம் பன்னிரண்டு பதிமூன்று வயசு மரம். அதற்கு முந்தியவை 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் விழுந்தவை. அன்றைக்குக் காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எங்கள் தலைமேல்தான் ஏறியது. தென்னையும் சவுக்கும் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, கரண்டு இல்லை, போன் இல்லை. கார் போக வழியில்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள் போனது. மரத்துக்கு அடியில் நுழைத்து, மேலே தூக்கிப் போட்டு, வயலில் இறக்கி ஏற்றினோம். பட்டறையில் நின்ற வாடிக்கை வண்டி இரண்டை எடுத்துக்கொண்டு நானும் என் தம்பி மகனும் நாலு நாள் தண்ணீர் கேனும் மாத்திரையும் சுமந்தோம். வண்டிச் சொந்தக்காரர்களைக் கேட்கவில்லை. பிற்பாடு சொன்னபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் சாய்ந்தது. கடற்காற்று ஏறிவிட்டது. எல்லாரும் புறப்பட ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்தார்.

"அங்கிள், இது திருவொற்றியூர் வண்டின்னா, தாத்தா ஏன் லண்டன்னு சொன்னார்?"

எஞ்சின் நம்பரை மறுபடியும் காட்டினேன். அவர் தாத்தா பொய் சொல்லியிருக்க மாட்டார், அந்தக் காலத்தில் நல்ல பொருள் என்றால் சீமைப் பொருள் என்றுதான் எல்லாரும் சொல்லிப் பழகியிருந்தோம் என்றேன். கேட்டை விட்டு வந்த ஆட்களைப் பற்றிச் சொன்னேன். மேஸ்திரி செருப்பைக் கழற்றியதைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வண்டி ஓட ஓட மேலே ஒரு 'டிக் டிக்' வருகிறது என்றார். காலையிலேயே அது எனக்குக் கேட்டிருந்தது. எஞ்சின் குளிரட்டும் என்று காத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்து வலப்பக்கத்து மூடியைக் கழற்றினேன். அவரையே மண்டிபோட்டு உட்காரச் சொன்னேன். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அவருடைய இரண்டு விரலைப் பிடித்துப் புஷ்ராடின்மேல் வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கத்து ராடு மேலும் கீழும் ஆடியது. ஒரு ஸ்பேனரால் பிடித்து இன்னொன்றால் கால் சுற்று திருப்பினேன்.

"சுத்துதா?"

"சுத்துது."

"ஆடுதா?"

கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "கொஞ்சம்."

இன்னும் ஒரு நூல் திருப்பினேன். அவர் விரல் ராடைச் சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. கிரீஸ் நகக்கண்ணில் ஏறியிருந்தது. "இப்ப ஆடல அங்கிள்" என்றார். லாக்நட்டை அவரையே இறுக்கச் சொல்லி மூடியைப் பூட்டினோம். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.